பூங்காவுக்குக் காவல் நின்ற குதிரைப்படை கேப்டன்: யார் இந்த சார்லஸ் யங்?

அமெரிக்க தேசியப் பூங்காக்களின் படங்களைப் பார்த்தவர்களுக்கு அந்தத் தொப்பி ஞாபகம் இருக்கும். சுற்றிலும் தட்டையான அகல விளிம்பு, நாலு பக்கமும் உள்ளே அமுக்கிவிட்ட உச்சி. கீழே சாம்பல் நிறச் சட்டை, நெஞ்சில் ஒரு பேட்ஜ். இடுப்பில் துப்பாக்கியும் தொங்கினால் அவர் சட்ட அமலாக்க ரேஞ்சர். பூங்காவுக்குள் போலீஸ் என்றால் அவர்தான்.

நம்ம ஊரில் ரேஞ்சர் என்றால் வனச்சரக அலுவலர். அவருக்குக் கீழே வனவர், வனக்காப்பாளர் என்று ஒரு பெரிய வரிசையே இருக்கும். அமெரிக்க பார்க் ரேஞ்சர் அப்படி இல்லை. ரோந்து போவது, வேட்டைக்காரனைப் பிடிப்பது, வழி தவறியவரைத் தேடுவது, மலையில் கால் உடைந்தவரைத் தூக்கி வருவது எல்லாமே பெரும்பாலும் அவர் வேலைதான். இவர்களில் கணிசமானவர்கள் கோடைக்கு மட்டும் வருகிறவர்கள். சீசனல் ரேஞ்சர் என்று பெயர். கூட்டம் வரும் மாதங்களில் வேலை, பனிக்காலம் வந்தால் மூட்டை கட்ட வேண்டியதுதான்.

சீசன் வேலைதானே, யாரை வேண்டுமானாலும் எடுத்துக்கொள்வார்கள் என்று நினைத்துவிட வேண்டாம். துப்பாக்கியும் கைது செய்யும் அதிகாரமும் உள்ள ரேஞ்சராக வேண்டுமானால் தனிப் பயிற்சி வேண்டும். பூங்காத் துறை அங்கீகரித்த கல்லூரிகள் சிலவற்றில் இதற்கென்றே சில மாத அகாடமி வகுப்புகள் நடந்து வந்திருக்கின்றன. சட்டம், கைது நடைமுறை, துப்பாக்கி சுடுதல், வண்டி ஓட்டுதல், முதலுதவி என்று பிழிந்து எடுப்பார்கள். செலவு பெரும்பாலும் மாணவரின் சொந்தப் பணம். அதன்பிறகு உடல்தகுதித் தேர்வு, மருத்துவப் பரிசோதனை, பின்னணி விசாரணை. இவ்வளவும் தாண்டினால்தான் அந்தத் தொப்பி.

சரி, இப்படி ஒரு பயிற்சியோ, துறையோ, ஏன், சட்டமோகூட இல்லாத காலத்தில் பூங்காக்களை யார் பார்த்துக்கொண்டார்கள்? ராணுவம். ஒவ்வொரு கோடைக்கும் குதிரைப்படை மலையேறும், குளிர் தொடங்கும்போது இறங்கிவிடும். 1903ஆம் ஆண்டு கோடையில் கலிஃபோர்னியாவின் செக்கோயா பூங்காவுக்கு அப்படி ஏறிப்போன படையின் கேப்டன்தான் சார்லஸ் யங். அமெரிக்க தேசியப் பூங்கா ஒன்றுக்குத் தலைமைப் பொறுப்பேற்ற முதல் கருப்பினத்தவர். பிறக்கும்போது அவர் ஓர் அடிமை.

அடிமைக் குடிசையிலிருந்து வெஸ்ட் பாயிண்ட் வரை

1864 மார்ச் 12. கென்டக்கி மாநிலத்தில் மேஸ் லிக் என்ற சிற்றூர். அங்கே அடிமைகளாக இருந்த கேப்ரியல், அர்மின்டா தம்பதிக்குப் பிறந்தார் சார்லஸ். உள்நாட்டுப் போர் நடந்துகொண்டிருந்த நேரம். அப்பா கேப்ரியல் அங்கிருந்து தப்பி, 1865ல் வடக்குப் படையின் கருப்பினப் பீரங்கிப் படைப்பிரிவு ஒன்றில் சேர்ந்துவிட்டார். ராணுவ உடுப்பு அந்தக் குடும்பத்துக்குக் கௌரவம் மட்டும் இல்லை, விடுதலைப் பத்திரமும் அதுதான். மகன் பிறகு எவ்வளவு அவமானப்பட்டும் அந்த உடுப்பைக் கழற்றாமல் இருந்ததற்கு இதுவும் ஒரு காரணமாக இருக்கலாம்.

குடும்பம் ஒஹையோ ஆற்றைத் தாண்டி ரிப்ளி என்ற ஊரில் குடியேறியது. அடிமைகள் தப்பிப்போக உதவியவர்கள் நிறைந்த ஊர் அது. வெள்ளையினப் பிள்ளைகளோடு சேர்ந்து படித்த சார்லஸ் 17 வயதில் உயர்நிலைப் பள்ளியைச் சிறப்பாக முடித்தார். பிறகு அதே ஊரில் ஆசிரியர் வேலை. இதை மறக்காமல் வைத்துக்கொள்ளுங்கள். பின்னாளில் கேப்டன், மேஜர், கர்னல் என்று எத்தனை பட்டம் வந்தாலும் மனுஷன் கடைசி வரை ஒரு வாத்தியார்தான்.

வெஸ்ட் பாயிண்ட் ராணுவ அகாடமிக்கான தேர்வில் இரண்டாம் இடம் வந்தார். முதலிடம் பிடித்தவர் விலகியதால் 1884ல் இடம் கிடைத்தது. உள்ளே போன பிறகுதான் தெரிந்தது, இடம் கிடைத்தது பெரிய விஷயமே இல்லை என்று. சக மாணவர்களில் பெரும்பாலானோர் அவரோடு பேசவே மாட்டார்கள். சாப்பாட்டு மேசையில், அணிவகுப்பில், விடுதியில், எங்கு போனாலும் ஒதுக்கல். முதலாண்டில் கணக்கில் தோற்றுப்போய் அந்த ஆண்டை மறுபடி படித்தார். கடைசி ஆண்டில் பொறியியலில் தோற்றார். அப்போது அவருக்குத் தனியாகப் பாடம் சொல்லிக்கொடுத்தவர் ஜார்ஜ் கோத்தல்ஸ். பின்னாளில் பனாமா கால்வாயைக் கட்டி முடித்தாரே, அதே கோத்தல்ஸ்தான்.

1889 ஆகஸ்டில், மற்றவர்களெல்லாம் பட்டம் வாங்கிப் போன பிறகு, 49 பேரில் 49ஆவதாக யங் வெளியே வந்தார். வெஸ்ட் பாயிண்டில் பட்டம் பெற்ற மூன்றாவது கருப்பினத்தவர். நான்காமவர் வருவதற்கு 1936 வரை, அதாவது 47 ஆண்டுகள் ஆனது.

அதன்பின் குதிரைப்படை வாழ்க்கை. அமெரிக்க ராணுவத்தில் கருப்பின வீரர்களுக்கென்று தனிப் படைப்பிரிவுகள் இருந்தன. 9, 10ஆம் எண் குதிரைப்படைகள் அதில் பிரபலம். பஃபலோ சோல்ஜர்ஸ் என்று மக்கள் அழைத்தது இவர்களைத்தான். வீரர்கள் கருப்பினத்தவர், அதிகாரிகள் கிட்டத்தட்ட எல்லாரும் வெள்ளையர். அந்த வழக்கத்துக்கு விதிவிலக்காக இருந்த விரல்விட்டு எண்ணக்கூடியவர்களில் யங்கும் ஒருவர். 1894ல் ஒஹையோவில் உள்ள வில்பர்ஃபோர்ஸ் பல்கலைக்கழகத்தில் ராணுவப் பாடப் பேராசிரியராக அனுப்பப்பட்டார். அங்கே அவருக்கு நண்பரானவர் சிந்தனையாளர் டுபாய்ஸ். பியானோ வாசிப்பார், வயலின் வாசிப்பார், பிரெஞ்சு, ஜெர்மன், ஸ்பானிஷ் பேசுவார். குதிரையேற்றக்காரர் என்று மட்டும் நினைத்து அவரைச் சந்தித்தவர்கள் கொஞ்சம் திகைத்துத்தான் போயிருக்க வேண்டும்.

யூட்டாவில் ஒரு முகாமில் இருந்தபோது, அதிகாரி தேர்வுக்குப் படித்துக்கொண்டிருந்த பெஞ்சமின் டேவிஸ் என்ற சார்ஜென்டுக்கு யங் பாடம் எடுத்தார். அந்த டேவிஸ் 1901ல் அதிகாரியானார். 1940ல் அமெரிக்க ராணுவத்தின் முதல் கருப்பின ஜெனரல் ஆனவரும் அவரே. வெஸ்ட் பாயிண்டில் 1936ல் பட்டம் பெற்ற அந்த நான்காமவர் யார் தெரியுமா? இந்த டேவிஸின் மகன்.

16 நாள் குதிரைப் பயணம்

பிலிப்பைன்ஸ் போருக்குப் போய்த் திரும்பிய யங்கின் படை, சான்பிரான்சிஸ்கோவின் பிரசிடியோ முகாமில் தங்கியிருந்தது. 1903 மே மாதம் அதிபர் தியோடர் ரூஸ்வெல்ட் அந்த நகரத்துக்கு வந்தார். அவருக்குப் பாதுகாப்பு அணிவகுப்பாகப் போனது 9ஆம் குதிரைப்படை. கருப்பின வீரர்கள் ஓர் அதிபருக்கு இப்படி மரியாதைக் காவல் கொடுத்தது அதுதான் முதல் தடவை. ரூஸ்வெல்ட் அங்கிருந்து நேராக யோசமிட்டி காட்டுக்குப் போய், இயற்கை ஆர்வலர் ஜான் மியூருடன் கூடாரம் போட்டுத் தங்கினார். அந்தப் படம் உலகப் புகழ் பெற்றது. அதே மாதம் இன்னொரு காட்டை நோக்கி யங் புறப்பட்டார். அதை யாரும் பெரிதாகப் படம் எடுக்கவில்லை.

பிரசிடியோவிலிருந்து செக்கோயாவுக்குக் குதிரையில் 16 நாள். கலிஃபோர்னியாவின் சமவெளியைக் கடந்து, சியரா நெவாடா மலையடிவாரம் வரை. இரண்டு குதிரைப்படை அணிகள், கூடவே கோவேறு கழுதைகள், மூட்டைகள். செக்கோயா, பக்கத்தில் உள்ள ஜெனரல் கிராண்ட் என்ற இரண்டு பூங்காக்களுக்கும் அந்தக் கோடையில் பொறுப்பு கண்காணிப்பாளர் கேப்டன் யங்.

அந்தக் காட்டில் காப்பாற்ற என்ன இருந்தது? முதலில் மரங்கள். உலகிலேயே மிகப் பெரிய மரங்கள் அங்கேதான் நிற்கின்றன. அதில் ஒன்றான ஜெனரல் ஷெர்மன் மரத்தின் உயரம் சுமார் 275 அடி. அடிமரத்தின் குறுக்களவு 36 அடி. ஒரு வீட்டையே உள்ளே வைத்துவிடலாம். இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு மேல் வயதான மரங்கள் அவை. மர வியாபாரிகள் வெட்டித் தள்ளிக்கொண்டிருந்ததைப் பார்த்துத்தான் 1890ல் செக்கோயாவைத் தேசியப் பூங்காவாக அறிவித்தார்கள்.

அறிவித்தார்கள், அவ்வளவுதான். காப்பது யார் என்று யாரும் யோசிக்கவில்லை. தேசியப் பூங்காத் துறை என்று ஒன்று உருவானதே 1916ல்தான். அதனால் 1891லிருந்து கோடைதோறும் ராணுவத்தை அனுப்பினார்கள்.

கையில் சட்டம் இல்லாத போலீஸ்

இங்கேதான் விஷயம் சுவாரஸ்யமாகிறது. பூங்காவுக்குள் மாடு, ஆடு மேய்க்கக் கூடாது, மரம் வெட்டக் கூடாது, வேட்டையாடக் கூடாது என்று விதிகள் இருந்தன. மீறினால்? தண்டனை என்ன என்று சட்டத்தில் எதுவும் இல்லை. அபராதம் கிடையாது, சிறை கிடையாது. பிடித்தவரை வெளியே கொண்டுபோய் விடலாம், அவ்வளவுதான் அதிகாரம். அவர் மறுநாளே திரும்பி வந்தால் மறுபடியும் பிடித்து மறுபடியும் வெளியே விட வேண்டும். எல்லோஸ்டோன் பூங்காவுக்கு மட்டும் 1894ல் தண்டனைச் சட்டம் வந்தது. கலிஃபோர்னியப் பூங்காக்களுக்கு அந்த வசதியும் இல்லை.

பெரிய தலைவலி ஆட்டு மந்தைகள்தான். ஆயிரக்கணக்கில் மலைமேல் ஓட்டிவருவார்கள். புல்வெளி மொட்டையாகிவிடும், மண் அரித்துக்கொண்டு போகும். இதற்கு ராணுவம் கண்டுபிடித்த வைத்தியம் ஒன்று உண்டு. யங் வருவதற்கு முன்பே 1890களில் தொடங்கிய பழக்கம் அது. மேய்ப்பரைப் பிடித்துப் பூங்காவின் ஓர் எல்லைக்கு வெளியே கொண்டுபோய் விடுவார்கள். அவருடைய ஆடுகளை எதிர்ப்பக்க எல்லைக்கு வெளியே விரட்டுவார்கள். நடுவில் முழுதாக ஒரு மலைத்தொடர். மேய்ப்பர் சுற்றிக்கொண்டு போய்ச் சேர்வதற்குள் மந்தை சிதறிப்போயிருக்கும். ஒரு பைசா அபராதம் வாங்காமல் பெரும் நஷ்டத்தை உண்டாக்கும் தண்டனை. விதியையும் மீறவில்லை. கொஞ்சம் குறும்பான யோசனைதான், ஆனால் வேலை செய்தது.

இந்த மாதிரி வேலைக்கு எந்த ராணுவப் பள்ளியிலும் பாடம் கிடையாது. குதிரை ஓட்டத் தெரியும், சுடத் தெரியும், அணிவகுக்கத் தெரியும். ஆனால் காட்டுத்தீயை அணைக்கவும், பாதை இல்லாத மலையில் எல்லை கண்டுபிடிக்கவும், சுற்றுலா வந்த குடும்பத்தோடு பேசவும் வீரர்கள் அங்கே வந்துதான் கற்றுக்கொள்ள வேண்டும். ஊரை அறிந்த உள்ளூர் சிவிலியன் ரேஞ்சர்கள் சிலர் சம்பளத்துக்கு இருந்தார்கள். பனிக்காலத்தில் காட்டைப் பார்த்துக்கொண்டதும் அவர்கள்தான். சின்னச் சின்னக் குழுக்களாகப் பிரிந்து, ரோந்து போகப் போகத்தான் படை வேலையைக் கற்றது. கோடை முடிவதற்குள் ஓரளவு தேறியிருப்பார்கள். அடுத்த கோடைக்கு வேறு படை வரும். மறுபடி முதலிலிருந்து. கண்காணிப்பாளரும் வருஷத்துக்கு ஒருவர். இந்த முறையின் பெரிய ஓட்டையே இதுதான்.

யங்குக்கும் அவருடைய ஆட்களுக்கும் இதற்கு மேல் இன்னொரு சிக்கலும் இருந்தது. 1903 அமெரிக்காவை நினைத்துப் பாருங்கள். இனப் பிரிவினை சட்டப்படி சரி என்று உச்ச நீதிமன்றமே 1896ல் சொல்லியாகிவிட்டது. தெற்கே கருப்பினத்தவரை அடித்துக் கொன்று மரத்தில் தொங்கவிடும் கும்பல் கொலைகள் சாதாரணமாக நடந்துகொண்டிருந்தன. அந்த நேரத்தில் ஒரு கருப்பின வீரர், வெள்ளைக்கார மேய்ப்பரையோ வேட்டைக்காரரையோ நிறுத்தி, இங்கே வரக் கூடாது, திரும்பிப் போ என்று சொல்ல வேண்டும். பின்னால் சட்டம் இல்லை. முன்னால் நிற்பவருக்கோ இவரை மதிக்கும் பழக்கமே இல்லை. உடுப்பும் நடந்துகொள்ளும் விதமும்தான் கையில் இருக்கும் ஆயுதம். இன்றைக்கு ரேஞ்சர் பயிற்சியில் பேச்சாலேயே நிலைமையைத் தணிப்பது எப்படி என்று தனியாகச் சொல்லிக்கொடுக்கிறார்கள். அந்த வீரர்கள் அதை வேறு வழியில்லாமல் வாழ்க்கையில் முன்பே படித்துவிட்டு வந்தவர்கள்.

ஒரு கோடையில் முடிந்த சாலை

யங் அந்தக் கோடையில் செய்த பெரிய வேலை ரோந்து அல்ல, ரோடு. பெரிய மரங்கள் நிற்கும் ஜெயன்ட் ஃபாரஸ்ட் வரை வண்டி போக வழியே இல்லை. 1880களில் அங்கே ஒரு கூட்டுறவுக் குடியிருப்பு அமைத்தவர்கள் மரம் இறக்குவதற்காகப் பாதி மலை வரை ஒரு பாதை வெட்டியிருந்தார்கள். அதற்கு மேல் வேலை பல ஆண்டுகளாக இழுத்துக்கொண்டே கிடந்தது. ஒவ்வொரு கோடையிலும் கொஞ்ச தூரம், அப்புறம் பனி, அப்புறம் வேறு அதிகாரி.

யங் வந்த கையோடு வேலையை ஆரம்பித்தார். வீரர்களும், கூலிக்கு அமர்த்திய உள்ளூர்த் தொழிலாளர்களும் சேர்ந்து பாறையை உடைத்து, மலைச்சரிவைச் செதுக்கிக்கொண்டே ஏறினார்கள். அதற்கு முந்தைய மூன்று கோடைகளில் சேர்ந்து போட்ட அளவு சாலையை அவர் ஒரே கோடையில் போட்டு முடித்தார். 1903 ஆகஸ்டில் குதிரை வண்டிகள் முதன்முறையாகப் பெருமரக் காட்டுக்குள் நுழைந்தன. அங்கிருந்து மோரோ பாறையின் அடி வரை பாதை நீண்டது. கார்கள் வந்த பிறகும், 1926ல் புது நெடுஞ்சாலை திறக்கும் வரை, சுற்றுலாப் பயணிகள் ஜெயன்ட் ஃபாரஸ்டுக்கு ஏறியது இந்தச் சாலையில்தான்.

சாலை போட்டால் காடு அழியாதா என்று இன்றைக்கு ஒருவர் கேட்கலாம். கேள்வி நியாயமானது. ஆனால் அன்றைய கணக்கு வேறு. மக்கள் நேரில் பார்க்காத மரத்துக்காக அரசிடம் யாரும் பணம் கேட்கப்போவதில்லை. பார்த்தவர்கள்தான் அதை வெட்டவிட மாட்டார்கள்.

இன்னொரு வேலையும் செய்தார். பூங்கா எல்லைக்குள்ளேயே தனியாருக்குச் சொந்தமான நிலங்கள் இருந்தன. பெரிய மரங்கள் நின்ற நிலமும் அதில் உண்டு. உரிமையாளர்களிடம் பேசி, அரசு வாங்க முன்வந்தால் என்ன விலைக்குக் கொடுப்பார்கள் என்று எழுத்தில் வாங்கி, அரசு இதை வாங்க வேண்டும் என்று அறிக்கை அனுப்பினார். வாஷிங்டனில் அப்போது யாரும் அசையவில்லை. ஒரே ஒரு கோடைக்கு வந்த பொறுப்பு அதிகாரி, தான் போன பிறகு நடக்க வேண்டியதையும் எழுதி வைத்துவிட்டுப் போனார் என்பதுதான் கவனிக்க வேண்டியது.

சாலை முடிந்த சந்தோஷத்தில் பக்கத்து ஊர் மக்களும் வீரர்களும் சேர்ந்து ஒரு விருந்து வைத்தார்கள். அங்கே ஒரு பெருமரத்துக்குக் கேப்டனின் பெயரைச் சூட்டலாம் என்று பேச்சு வந்தது. யங் ஒப்புக்கொள்ளவில்லை. தன் பெயருக்குப் பதிலாகக் கருப்பினக் கல்வியாளர் புக்கர் டி. வாஷிங்டனின் பெயரை வைக்கச் சொன்னார். 20 ஆண்டு கழித்தும் இதே எண்ணம் இருந்தால் அப்போது பார்த்துக்கொள்ளலாம் என்று சொல்லி நழுவிவிட்டார். அப்படியே வாஷிங்டன் பெயர் வைக்கப்பட்டது.

நவம்பரில் படை பிரசிடியோவுக்குத் திரும்பியது. யங் அதன்பின் அந்தப் பூங்காவுக்குப் பொறுப்பாகத் திரும்பவில்லை.

ரத்த அழுத்தம் என்றொரு காரணம்

அடுத்த ஆண்டு ஏடா மில்ஸை மணந்தார். ஹைட்டி நாட்டில் அமெரிக்கத் தூதரகத்தின் ராணுவப் பிரதிநிதி ஆனார். அந்தப் பதவிக்கு வந்த முதல் கருப்பினத்தவர். பிறகு ஆப்பிரிக்காவில் லைபீரியா. அங்கே உள்ளூர்ப் படைக்குப் பயிற்சி கொடுக்கும் பொறுப்பு. அங்கே குண்டடி பட்டார், கடும் காய்ச்சலிலும் விழுந்தார், பிழைத்து வந்தார். 1916ல் மெக்சிகோவில் பான்சோ வில்லாவைத் தேடிப்போன படையில், மேஜராக இருந்தபடி 10ஆம் குதிரைப்படையின் ஒரு பிரிவை நடத்தினார். சுற்றிவளைக்கப்பட்டு மாட்டிக்கொண்ட வெள்ளையினக் குதிரைப்படை அணி ஒன்றை அவருடைய ஆட்கள்தான் போய் மீட்டார்கள். அதே ஆண்டு லெப்டினன்ட் கர்னல் பதவி. அரிசோனாவின் ஹுவாசுகா முகாமில் இருந்தபோதும் கை சும்மா இருக்கவில்லை. கருப்பின வீரர்களை அதிகாரி தேர்வுக்குத் தயார்செய்ய அங்கேயும் ஒரு பள்ளி தொடங்கிவிட்டார்.

1917ல் அமெரிக்கா முதல் உலகப் போரில் இறங்கியது. அனுபவமுள்ள அதிகாரிகளுக்குப் பெரும் தட்டுப்பாடு. யங் இன்னும் ஒரு படி ஏறினால் கர்னல், அடுத்தது ஜெனரல். அப்படி நடந்தால் வெள்ளையின அதிகாரிகள் பலர் அவருக்குக் கீழே வேலை செய்ய வேண்டும், அவருக்கு சல்யூட் அடிக்க வேண்டும். ஒரு லெப்டினன்ட் தன்னுடைய மிசிசிப்பி மாநில செனட்டருக்குப் புகார் எழுதினார். செனட்டர் அதிபர் உட்ரோ வில்சனிடம் கொண்டுபோனார். வில்சன் அதைப் போர்த்துறை அமைச்சர் நியூட்டன் பேக்கரிடம் தள்ளினார்.

இதற்கிடையே மருத்துவப் பரிசோதனை. ரத்த அழுத்தம் அதிகம், சிறுநீரகத்தில் கோளாறு என்று அறிக்கை வந்தது. வியாதி பொய் என்று சொல்ல முடியாது. அவருக்கு அது இருந்திருக்கலாம். ஆனால் ஆள் பற்றாக்குறையான ஒரு போர்க்காலத்தில், நேற்று வரை மெக்சிகோ மலையில் குதிரை ஓட்டியவரை அதற்காக வீட்டுக்கு அனுப்பினார்கள் என்பதுதான் உறுத்துகிறது. 1917 ஜூலையில் கர்னல் பதவி உயர்வும் கட்டாய ஓய்வும் ஒன்றாகவே வந்தன.

54 வயதில் அவர் கொடுத்த பதில்தான் அவருடைய வாழ்க்கையில் எல்லாருக்கும் தெரிந்த சம்பவம். 1918 ஜூனில் வில்பர்ஃபோர்ஸில் உள்ள வீட்டிலிருந்து குதிரையில் ஏறி வாஷிங்டனுக்குக் கிளம்பினார். தூரம் 497 மைல், அதாவது சுமார் 800 கிலோமீட்டர். ஒவ்வொரு மணி நேரத்திலும் கால் மணி நேரம் குதிரையை விட்டு இறங்கி நடந்தார். 16 நாளில் போய்ச் சேர்ந்தார். செக்கோயாவுக்குப் போனதும் அதே 16 நாள். தற்செயல்தான். என் உடம்புக்கு ஒன்றும் இல்லை என்று வாதாடாமல், உடம்பையே சாட்சியாகக் கொண்டுபோய் அமைச்சர் பேக்கர் முன்னால் நிறுத்தினார்.

உடனே பலன் கிடைக்கவில்லை. 1918 நவம்பர் 6ஆம் தேதிதான் அவரைப் பணிக்குத் திரும்ப அழைத்தார்கள். போர் முடிந்தது நவம்பர் 11. நடுவில் ஐந்தே நாள். ஜெனரல் பதவி கிடைக்கவே இல்லை.

ஒரு வேடிக்கை பாருங்கள். அதே 1918 கோடையில் யோசமிட்டி பூங்காவில் ஆண்கள் போருக்குப் போய்விட்டதால் ரேஞ்சர்களுக்குப் பஞ்சம். கிளேர் மேரி ஹோட்ஜஸ் என்ற பள்ளி ஆசிரியை விண்ணப்பித்து, கோடைக்கால ரேஞ்சராகக் குதிரையில் ரோந்து போனார். பேட்ஜ் அணிந்த முதல் பெண் ரேஞ்சர் என்று அவரைச் சொல்வார்கள். அந்த மலைகளில் ரோந்து நடத்திய அனுபவம் உள்ள ஒரு கர்னல் அப்போது ஒஹையோவில் சும்மா உட்கார வைக்கப்பட்டிருந்தார்.

தொப்பி மட்டும் தங்கியது

கலிஃபோர்னியப் பூங்காக்களில் ராணுவக் காவல் 1913 கோடையோடு முடிந்தது. 1914ல் செக்கோயாவின் முதல் சிவிலியன் கண்காணிப்பாளராக வந்த வால்டர் ஃப்ரை, யங் காலத்தில் அதே சாலைப் பணியில் வேலை பார்த்தவர். எல்லோஸ்டோனில் சில வீரர்கள் ராணுவத்திலிருந்து விடுபட்டு அப்படியே ரேஞ்சர்களாக மாறினார்கள். ரோந்து முறை, முகாம், உடுப்பு என்று பலவும் ராணுவத்திடமிருந்து பூங்காத் துறைக்குப் போயின. அந்தத் தட்டைத் தொப்பியும் அப்படி வந்ததுதான். யங்கின் கோடையிலிருந்து இன்றைய சீசனல் ரேஞ்சர் வரை ஒரே நேர்கோடு போட்டுவிட முடியாது. நடுவில் எவ்வளவோ மாறிவிட்டது. முக்கியமாக, இன்றைய ரேஞ்சருக்குக் கைது செய்யும் அதிகாரம் இருக்கிறது. ஜார்ஜியா மாநிலத்தின் கிளின்கோவில் உள்ள மத்தியப் பயிற்சி மையத்தில் நிரந்தர ரேஞ்சர்கள் மாதக்கணக்கில் பயிற்சி பெறுகிறார்கள். கோடையில் வந்து, வேலையைக் கற்று, கோடை முடிந்ததும் போய்விடும் அந்த வழக்கம் மட்டும் இன்னும் தொடர்கிறது.

யங்கை மறுபடியும் லைபீரியாவுக்கு அனுப்பினார்கள். உடம்பு சரியில்லை என்று போர்முனைக்கு அனுப்ப மறுத்த அதே மனிதரை, முன்பு அவர் காய்ச்சலில் விழுந்து எழுந்த அதே நாட்டுக்கு. வேலையாக நைஜீரியா போயிருந்தபோது நோய் முற்றியது. 1922 ஜனவரி 8ஆம் தேதி லாகோஸில் இறந்தார். வயது 57. முதலில் அங்கேயே அடக்கம் செய்தார்கள். உடலைத் தாயகம் கொண்டுவர ஓராண்டுக்கு மேல் ஆனது. 1923 ஜூன் 1ஆம் தேதி ஆர்லிங்டன் தேசியக் கல்லறையில் ராணுவ மரியாதையோடு புதைக்கப்பட்டார்.

2013ல் அதிபர் ஒபாமா, வில்பர்ஃபோர்ஸில் யங் வாழ்ந்த வீட்டைத் தேசிய நினைவுச் சின்னமாக அறிவித்தார். அதைப் பராமரிப்பது தேசியப் பூங்காத் துறை. வீட்டுக்குக் காவல், அதே தொப்பி போட்ட ரேஞ்சர்கள். 2022 ஏப்ரலில் வெஸ்ட் பாயிண்டில் நடந்த விழாவில் அவருக்கு பிரிகேடியர் ஜெனரல் பதவி வழங்கப்பட்டது. இறந்து நூறு ஆண்டு ஆகியிருந்தது.

செக்கோயாவில் அந்த மரம்? 20 ஆண்டு பொறுங்கள் என்று சொன்னவர் 19 ஆண்டுக்குள் போய்விட்டார். நூறு ஆண்டு கழித்துத்தான் ஒரு மரத்துக்கு அவருடைய பெயர் வந்தது. மோரோ பாறைக்குப் போகும் வழியில், புக்கர் டி. வாஷிங்டன் மரம் இருக்கும் அதே காட்டில் கர்னல் யங் மரமும் நிற்கிறது.